கறைபட்ட வீரரும் காண்போர் தீர்ப்பும்

வன்னி நிலத்து மக்களுக்குக் கண்ணகி கதை ஏட்டளவில் நின்ற கதையன்று. முல்லைத்தீவுக் கடலில் எடுத்த உப்புநீரில் விளக்கெரித்து வைகாசியிற் பொங்கலிடும் அம்மக்கள், மதுரையை எரித்தபின் ஈழம் போந்த அம்மன் பத்தாவதாகத் தங்கிய இடமே வற்றாப்பளை எனக் கொள்வர். கோவலன் கூத்து அம்மண்ணுக்குரிய சொத்து. இரவிரவாக ஆடப்பெறும் அக்கூத்திற் கொலைக்களம் வருமிடத்து, நூறுமுறை பார்த்த முதியோரும் கண்கலங்குவர்.

அவ்வவையோரைச் சிறிது கூர்ந்து நோக்குதல் வேண்டும். கோவலன் கள்வனல்லன் என்பது அவர்களுக்கு முன்னரே தெரியும். பாண்டியனுக்குத் தெரியாது. அவன் அரசியின் ஊடலைத் தணிக்க விரைந்து செல்லும் வேளையிற் பொற்கொல்லன் எதிர்ப்படுகின்றான். கேட்ட சொல்லை ஆராயாது ஏற்று, காவலரை ஏவிவிடுகின்றான். அறியாதவன் அறிந்தவன்போல் விரைந்தமையே அவன் செய்த பிழை. இக்காலத்து விளையாட்டரங்கைச் சூழ்ந்திருக்கும் இரசிகர் கூட்டமோ, பாண்டியன் இருந்த இருக்கையில் இருந்துகொண்டு, கூத்துப் பார்ப்போரின் உறுதியோடு தீர்ப்புக் கூறுகின்றது. ஊக்கமருந்து உட்கொண்டார் என ஒரு வீரர்மேற் பழி எழுந்த மறுநாட் காலையிலேயே, அவர் குற்றவாளி என்பதை ஒரு சாராரும், குற்றமற்றவர் என்பதை மறுசாராரும் ஐயந்திரிபற அறிந்துவிடுகின்றனர். ஆய்வுகூடத்தின் அறிக்கை வருமுன்னரே அவர்கள் அறிந்தது எதனை? வீரர் தம்மவரா, பிறரா என்பதனை. அஃதொன்றே அவர்களுக்குச் சான்றாக அமைந்துவிடுகின்றது.

இதனை விளங்கிக்கொள்ளத் தொலைவிற் செல்லவேண்டியதில்லை. 1995ஆம் ஆண்டு மார்கழி 26ஆந் திகதி, மெல்பேர்ண் நகரத் துடுப்பாட்ட அரங்கில், முத்தையா முரளிதரனின் பந்துவீச்சை எறிதல் எனக் கொண்டு நடுவர் டரல் ஹெயார் மூன்று ஓவர்களில் ஏழுமுறை ‘நோ போல்’ என அறிவித்தார். யாழ்ப்பாணத்து இடப்பெயர்வு நிகழ்ந்து ஈராறு கிழமைகளும் ஆகாத காலம் அது. வன்னியில் மின்சாரமில்லை, மின்கலங்களுக்குத் தடை. துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட நாள்கள் அவை. இலங்கை அணியைத் தம் அணியாகக் கொள்ளாதார் அங்குப் பலர். எனினும், முரளிதரன் என்ற பெயருக்கு இழுக்கு நேர்ந்ததெனக் கேட்டபோது அவ்வணியைக் கொள்ளாதாரும் நடுவர்மேற் சினங்கொண்டனர். அவரது முழங்கை பிறவியிலேயே முற்றாக நிமிராதது என்பதோ, அதனை அறிவியல் முறையில் அளக்கலாம் என்பதோ அன்று அவர்களிற் பெரும்பாலோர் அறிந்ததன்று. அறியாமலே விடுவித்தனர். அவுஸ்திரேலிய இரசிகரோ அறியாமலே தண்டித்தனர்.

இனி மறுபக்கத்தை நோக்குக. 2003ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டி தொடங்கும் தறுவாயில், அவுஸ்திரேலியச் சுழற்பந்து வீச்சாளர் ஷேன் வோர்னின் சிறுநீர் மாதிரியில் தடைசெய்யப்பட்ட மருந்தொன்று காணப்பட்டது. அது சிறுநீரைப் பெருக்கும் மருந்து. ஆற்றலைத் தானே கூட்டுவதன்று. ஆயினும், ஆற்றல் கூட்டும் பிறமருந்தின் தடயத்தை மறைக்கவல்லது என்பதனால் தடைப்பட்டியலில் இடம்பெற்றது. உடல் மெலிந்து தோன்றும்பொருட்டுத் தாயார் தந்த மாத்திரை எனத் தெரிவித்தார் வோர்ன். விசாரணைக் குழு அவ்விளக்கத்தில் நிறைவடையவில்லை. ஓராண்டுத் தடை விதித்தது. தடை நீங்கி 2004ஆம் ஆண்டு பங்குனியில் அவர் மீண்டது இலங்கை மண்ணில். காலியில் வோர்ன் தமது ஐந்நூறாவது விக்கெட்டை வீழ்த்தினார். சில நாள்களில் முரளிதரன் கண்டியில் தமது ஐந்நூறாவதை வீழ்த்தினார். மாத்திரையாற் கறைபட்டவரும் முழங்கையாற் கறைபட்டவரும் உலக சாதனையொன்றை நோக்கி ஒருவர் பின் ஒருவராக நடந்த காட்சியை ஒத்தது விளையாட்டு வரலாற்றில் அரிது.

அவ்வாண்டு வைகாசியில் அவுஸ்திரேலியப் பிரதமர் ஜோன் ஹோவார்ட், முரளிதரன் பந்தை எறிபவரே என வெளிப்படையாகக் கூறினார். நாட்டின் தலைவரே இரசிகராய்விட்டமைக்கு இது சான்று. வோர்னின் மாத்திரையைப் பற்றி அத்துணைக் கடுமை அந்நாட்டில் எழவில்லை. அது தம் வீட்டுப் பிள்ளையின் விளையாட்டுத்தனமாகக் கொள்ளப்பட்டது. இலங்கையிலோ நிலை தலைகீழ். வோர்னை மருந்துண்டவர் என எள்ளியோர், முரளிதரனின் முழங்கையைப் பற்றி ஐயமெழுப்பிய எவரையும் நிறவெறியர் என்றனர். 2022ஆம் ஆண்டு வோர்ன் மறைந்தபின், அம்மெல்பேர்ண் அரங்கின் பார்வையாளர் மாடமொன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பெற்றது. முரளிதரன் ஏழுமுறை தடுக்கப்பெற்ற அரங்கும் அதுவே.

முரளிதரன் கதைக்கு மற்றுமொரு திருப்பம் உண்டு. அவர் வாழ்வைப் பொருளாகக் கொண்ட திரைப்படத்தில் விஜய் சேதுபதி நடிப்பதாக 2020ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டபோது தமிழ்நாட்டிற் கடும் எதிர்ப்பு மூண்டது, நடிகர் விலகிக்கொண்டார். போர் பற்றி அவர் கூறியனவாக வழங்கிய சொற்களே அதற்குக் காரணம். அச்சொற்கள் புண்பட்ட மக்களுக்கு வலி தந்தன என்பதை மறுப்பார் இலர். ஈண்டுச் சுட்டவேண்டுவது வேறொன்று. 1995இல் ஆராயாமலே தூய்மையெனக் கொள்ளப்பட்ட அதே முழங்கை, 2020இல் அதே அவையோரிற் சிலரால் ஏளனஞ் செய்யப்பட்டது. எலும்பு மாறவில்லை. மாறியது உறவு.

இக்குணம் துடுப்பாட்டம் ஆடும் நாடுகளுக்கே உரியதன்று. ஐக்கிய அமெரிக்காவிற் பேஸ்போல் என ஓர் ஆட்டம் உண்டு; துடுப்பாட்டத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி எனலாம். எல்லைக்கு அப்பாற் பந்தை அடித்து நான்கு தளங்களையும் சுற்றிவருதல் அதில் தலையாய வெற்றி. அவ்வாறு 755 முறை அடித்தவர் ஹாங் ஆரன் என்னும் கறுப்பின வீரர். 2007ஆம் ஆண்டு ஆவணியில் அச்சாதனையைப் பரி பொண்ட்ஸ் கடந்தார். அவர் ஈற்றெண் 762. கலிபோர்ணியாவில் இயங்கிய பால்கோ என்னும் நிறுவனம் வீரர்களுக்கு இரகசியமாக ஊக்கமருந்து வழங்கியது பற்றிய விசாரணையில், அங்கிருந்து வந்த பூச்சையும் திரவத்தையும் தாம் பயன்படுத்தியதுண்டு எனவும், அவை இன்னவென அறியாமற் பயன்படுத்தியதாகவும் பொண்ட்ஸ் கூறியிருந்தார். பெரும்பாலோர் நம்பவில்லை.

சாதனை கடந்த அப்பந்துக்கு நேர்ந்தது கதைபோல் இருக்கும். ஆடை வணிகர் ஒருவர் ஏழரை இலட்சம் டொலருக்கு மேற்கொடுத்து அதனை ஏலத்தில் வாங்கி, அதனை என்செய்வது எனப் பொதுமக்களிடம் வாக்குக் கேட்டார். பந்தின்மேல் ஓர் உடுக்குறி பொறித்து அருங்காட்சியகத்துக்கு அனுப்புக என்பதே மிகுதியானோர் விடை. உடுக்குறி என்பது, ‘இதற்கு ஓர் அடிக்குறிப்பு உண்டு’ எனப் புத்தகத்தில் இடும் சிறு நட்சத்திரம். அவ்வாறே பொறிக்கப்பட்டது. பந்து கூப்பர்ஸ்ரவுன் ஊரிலுள்ள புகழ்மண்டபத்து அருங்காட்சியகத்தை அடைந்தது. அடித்தவருக்கோ அம்மண்டபத்தின் வாயில் திறக்கவில்லை. அதற்குப் பத்திரிகையாளர் வாக்குகளில் 75 வீதம் வேண்டும். பத்தாவதும் இறுதியுமான முறையாக 2022இல் அவர் பெயர் நின்றபோது கிடைத்தது 66 வீதம். அதே ஆண்டில் டேவிட் ஓர்ட்டிஸ் முதன்முறையிலேயே தேறினார். பெயர் வெளிவராது என்ற உறுதியோடு 2003இல் நடத்தப்பட்ட சோதனையிற் சிக்கியோர் பட்டியலில் அவர் பெயரும் இருந்ததெனப் பின்னர்ப் பத்திரிகைச் செய்தி வந்ததுண்டு. சோதனையின் உறுதிப்பாடு பற்றி ஆட்டத்தின் தலைமையாளரே ஐயந் தெரிவித்ததும் உண்டு. இருவர்க்கும் உரிய சான்றுகள் ஒரே எடையின அல்ல என்பது மெய். எனினும், ஓர்ட்டிஸ் சிரித்த முகத்தினர், பொண்ட்ஸ் பத்திரிகையாளருக்கு முகங்கொடாதவர் என்பதும் அவ்வாக்குகளில் ஒரு பங்கு எடைபோட்டது என்று கருதுதல் தவறாகாது.

பால்கோவின் கதை அமெரிக்காவோடு முடிந்திருப்பின் ஈண்டு இத்துணை விரித்தல் வேண்டா. அந்நிறுவனத்தின் வாயிலாக ஊக்கமருந்து பெற்றோருள் ஒருவர் ஓட்டவீராங்கனை மரியன் ஜோன்ஸ். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றர் ஓட்டத்தில் அவர் முதலிடம் பெற்றார். பஹாமாஸ் நாட்டுப் போலின் டேவிஸ் 22.27 செக்கனில் இரண்டாவது. இலங்கையின் சுசந்திகா ஜயசிங்க 22.28 செக்கனில் மூன்றாவது. 1948இல் டங்கன் வைற் வெள்ளி வென்றபின் ஐம்பத்திரண்டு ஆண்டுகளாக இந்நாட்டுக்கு எட்டாதிருந்த பதக்கம் அது.

அப்பதக்கத்துக்கு முன்னுரையாக ஒரு பழியும் இருந்தது. 1998ஆம் ஆண்டு சுசந்திகாவின் மாதிரியில் நான்ட்ரோலோன் என்னும் ஊக்கமருந்து காணப்பட்டதென அறிவிக்கப்பட்டு அவர் இடைநிறுத்தப்பட்டார். பின்னர் விசாரணையில் விடுபட்டு மீண்டும் ஓடுகளம் புகுந்தார். இடைப்பட்ட காலத்தில் அவர்மேற் பொழியப்பட்ட சொற்கள் கொடியன. ஓராண்டின் முன் உலகப் போட்டியில் வெள்ளி வென்று மீண்டபோது மாலையிட்ட நாடே அச்சொற்களையும் பொழிந்தது. சிட்னியில் அவர் மூன்றாவதாக வந்தவுடன் எல்லாம் மறக்கப்பட்டன. ஏசியோர் தாம் ஏசியதையும் மறந்தனர். இரசிகரின் மன்னிப்பு என்பது பெரும்பாலும் இவ்வகையினதே. அஃது ஆராய்ச்சியின் பயனன்று, வெற்றியின் பயன்.

2007ஆம் ஆண்டு மரியன் ஜோன்ஸ் தம் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பதக்கங்களைத் திருப்பிக் கொடுத்தார். பொய்யுரைத்த குற்றத்துக்குச் சிறையும் சென்றார். 2009ஆம் ஆண்டு மார்கழியில் ஒலிம்பிக் குழு சுசந்திகாவின் வெண்கலத்தை வெள்ளியாக்கியது. நான்காவதாக வந்த யமேக்கா நாட்டுப் பெவர்லி மக்டொனால்டுக்கு வெண்கலம் கிடைத்தது. ஒன்பது ஆண்டுகளின் பின் ஒரு பதக்கம்! அரங்கில் ஏறி நிற்றலும், கொடி உயரக் காண்டலும், அம்மாலைப்பொழுதின் கரவொலியும் அவருக்கு என்றும் கிடையா. ஊக்கமருந்தை ‘எல்லோரும் செய்வதுதானே’ எனத் தள்ளிவிடுவோர் பெவர்லி மக்டொனால்டை எண்ணிப்பார்த்தல் வேண்டும். கறைபட்ட வீரர்பால் இரக்கங்காட்டும் திறனாய்வும் அவரை மறத்தலாகாது. களவு ஒன்று நிகழ்ந்துள்ளது. பொருள் இழந்தவர் ஒருவர் உளர்.

எனவே, எவரையும் கறைபட்டவர் எனக் கூறலாகாது என்பதன்று ஈண்டுக் கூறக்கருதியது. கூறுமுன் சிலம்பை உடைத்துப் பார்த்தனரா என்பதே வினா. பாண்டிமாதேவியின் சிலம்பிற் பரல் முத்து. கண்ணகியின் சிலம்பிற் பரல் மாணிக்கம். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்று. உடைத்தாலன்றி வேறுபாடு தெரியாது. இளங்கோவடிகள் வழக்கின் முடிவைக் கண்ணீரிலோ சூளுரையிலோ வைத்தாரல்லர், பரலில் வைத்தார். இக்காலத்து ஆய்வுகூடத்து அறிவியலார்க்கும் உவப்பான இடம் இது.

அண்மைக்காலத்தில் உண்மையாகவே சிலம்பு உடைக்கப்பட்ட வழக்கொன்று உண்டு. 2015ஆம் ஆண்டு மார்கழியில், இலங்கைத் துடுப்பாட்ட வீரர் குசல் பெரேராவின் மாதிரியில் தடைசெய்யப்பட்ட ஊக்கமருந்தின் தடயம் உண்டெனக் கட்டார் நாட்டு ஆய்வுகூடம் தெரிவித்தது. அவர் நியூசிலாந்துப் பயணத்தினின்றும் மீட்டழைக்கப்பட்டார். அடுத்த ஆண்டு இருபது ஓவர் உலகக் கிண்ணத்தையும் இழந்தார். நான்காண்டுத் தடை தலைமேல் தொங்கியது. வெளிநாட்டு வல்லுநரைக்கொண்டு அவர் தரப்பு அவ்வாய்வை மறுஆய்வு செய்வித்தது. 2016ஆம் ஆண்டு வைகாசியில் ஆய்வுகூடம் தன் முடிவை மீட்டுக்கொண்டது. சர்வதேசத் துடுப்பாட்டப் பேரவை குற்றச்சாட்டை நீக்கியது. முத்தென நினைத்தது மாணிக்கமாயிற்று. ஆயின், இம்முறை கோவலன் உயிரோடிருந்தான். 2019ஆம் ஆண்டு மாசியில் டேர்பன் நகரில், 304 ஓட்டங்களைத் துரத்திய இலங்கைக்கு ஒரே விக்கெட் எஞ்சியிருந்த நிலையில், விஷ்வ பெர்னாண்டோவைத் துணைகொண்டு குசல் பெரேரா 78 ஓட்டங்களைச் சேர்த்து வெற்றி ஈட்டினார். தாம் பெற்றது ஆட்டமிழக்காது 153. நான்காண்டுத் தடை நிலைத்திருப்பின், அன்று அவர் ஆடுகளத்தில் இருந்திரார்.

ஆனால், கண்ணகிக்கு வழக்குரைக்க முடிந்தமைக்குக் காரணம் யாது? மற்றைச் சிலம்பு அவள் கையில் இருந்தமையே. அஃதில்லையேல் அவள் கண்ணீர் வாயிலோனையும் கடந்திராது. குசல் பெரேராவுக்கு அம்மற்றைச் சிலம்பைத் தேடிக்கொடுக்கத் துடுப்பாட்டச் சபை துணைநின்றது, வழக்கறிஞர் இருந்தனர், பெருந்தொகை செலவாயிற்று. எல்லா வீரர்க்கும் அஃது அமையுமா?

திருச்சிராப்பள்ளியை அடுத்த முடிகண்டம் என்னும் சிற்றூரின் கோமதி மாரிமுத்துவை எண்ணுக. 2019ஆம் ஆண்டு சித்திரையில், டோஹா நகரில் நிகழ்ந்த ஆசிய மெய்வல்லுநர் போட்டியில் 800 மீற்றர் ஓட்டத்தில் அவர் பொன் வென்றார். தமிழ் பேசும் ஊர்களெல்லாம் மகிழ்ந்தன. வன்னியிலும் அவர் படம் கைக்குக் கை மாறியது. அவருடைய வறுமையைப் பத்திரிகைகள் விரித்து விரித்து எழுதின. ஒரு மாதம் கழியுமுன் நான்ட்ரோலோன் செய்தி வந்தது. அறிந்து உண்டதில்லை என்றார் அவர். 2020இல் நான்காண்டுத் தடை உறுதியாயிற்று; பதக்கமும் போயிற்று. இங்கே பரல் முத்தாகவே இருந்தது. தீர்ப்பைக் குறைகூற இடமில்லை. குறைகூறற்பாலது இரசிகர் நடந்துகொண்ட முறை. வென்றபோது வறுமையைப் புகழின் அணியாகச் சூட்டியவர்கள், வீழ்ந்தபோது அவ்வறுமையையே ஏளனத்துக்குப் பொருளாக்கினர். வேறு சிலர் சோதனை முழுவதும் சூழ்ச்சியே என்றனர். இரண்டும் ஒரே சோம்பலின் இரு முகங்கள். செயலை அதன் அளவில் நிறுத்தி, ‘விதி மீறப்பட்டது, தண்டனை விதிக்கப்பட்டது, தண்டனைக்கு ஒரு முடிவும் உண்டு’ என அமைந்தவர் மிகச் சிலரே.

ஊக்கமருந்து விதியின் கடுமையையும் இரசிகர் செவ்வனே அறிந்தாரல்லர். வீரரின் உடலிற் காணப்படுவதற்கு வீரரே பொறுப்பு. அறிந்து உண்டாரா, அறியாது உண்டாரா என்பது தண்டனையின் அளவைக் குறைக்கலாமேயன்றிக் குற்றத்தை நீக்காது. உபுல் தரங்க இதற்கு எடுத்துக்காட்டு. தோள் நோவுக்காக நாட்டு வைத்தியமுறையில் உட்கொண்ட மருந்தால் 2011ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தின்போது அவர் மாதிரியில் தடைசெய்யப்பட்ட பொருள் காணப்பட்டது. ஆட்டத்திறனைக் கூட்டும் நோக்கம் அவர்க்கில்லை எனத் தீர்ப்பாளர் ஏற்றனர். எனினும் மூன்றுமாதத் தடை விதித்தனர். கால் சுளுக்கினாற் பரியாரியாரிடம் எண்ணெயும் குளிசையும் வாங்கும் வழக்கமுள்ள வன்னிக்கு இது தொலைவான செய்தியன்று. எண்ணெயில் என்ன கலந்தது எனப் பரியாரியாரைக் கேட்பது மரியாதையன்று என்றே பிள்ளைகள் பழக்கப்பட்டுள்ளனர்.

இலங்கையில் 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் ஊக்கமருந்துத் தடுப்புக்கென ஒரு முகவர் நிலையத்தை ஏற்படுத்தியது. சட்டம் நன்று. ஆயின், வன்னிப் பாடசாலைகளின் இல்ல மெய்வல்லுநர் போட்டிகளை நோக்குக. மாசி மாதத்து வெயிலில், செம்மண் தரையிற் சுண்ணாம்புக் கோடிட்ட ஓடுபாதையில், வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகள் பலர். போரின் இறுதி ஆண்டில் தாயின் இடுப்பிலிருந்து நந்திக்கடலைக் கடந்தோரும் அதன்பின் பிறந்தோருமே அங்கு ஓடிய தலைமுறையினர். அவர்களில் ஒருவர் மாகாண மட்டத்தை வென்று தேசிய மட்டத்துக்குச் சென்று, அங்கு ஒரு நாள் மாதிரி கொடுக்க நேரிடலாம். உடற்பயிற்சிக் கூடத்திற் பெயரறியாத மாவைப் பாலிற் கலந்து குடித்தவராகவும் அவர் இருக்கலாம். பரியாரியார் குளிசையை விழுங்கியவராகவும் இருக்கலாம். ஒன்றுமே உண்ணாதவராகவும் இருக்கலாம். மூன்று நிலையிலும் வரும் அறிக்கைத் தாள் ஒன்றே. முதல் மாதிரியைப் பற்றி ஐயமுற்றால் இரண்டாவது மாதிரியைத் திறந்து சோதிக்கக் கேட்கும் உரிமை வீரர்க்கு உண்டு. மற்றைச் சிலம்பு என்பது இக்காலத்தில் அம்முத்திரையிட்ட போத்தலே. அவ்வுரிமை உண்டென்பதைப் பிள்ளைக்குச் சொல்வார் யார்? குறித்த நாளுக்குள் எழுதவேண்டிய ஆங்கிலக் கடிதத்தை ஒட்டுசுட்டானிலோ துணுக்காயிலோ எழுதிக்கொடுப்பார் யார்? கொழும்பிலிருந்து செய்தி வந்த அன்று மாலையே ஊர்ச் சந்தியில் தீர்ப்பு முடிந்துவிடும். அச்சந்தியிற் கூடுவோரே வைகாசி மாதத்தில் வற்றாப்பளைக்குப் பொங்கற்பானை சுமந்து செல்வோரும்.